எந்த வரிசை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளைச் சீப்பு மிஸ் என்று கூப்பிட்டார்கள். அவள் டீச்சர் இல்லை, சுகாதார அறை உதவியாளர். முட்டி உரிந்து வருகிறவனுக்கு மருந்து போடுவாள். வயிற்றுவலி என்று கணக்குப் பாடத்திலிருந்து நழுவி வருகிறவளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவாள். காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போன் போடுவாள். பெற்றோர்களுக்குப் போகிற செய்திகளையும் அவள்தான் அந்த அறைக் கம்ப்யூட்டரில் தட்டி அனுப்ப வேண்டும்: அம்மை பரவுகிறது, கவனம், திங்கள் முதல் விளையாட்டுப் பயிற்சி, தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் கட்டாயம், சாப்பாட்டு டப்பாவில் பெயர் எழுதுங்கள், எழுதாத டப்பாக்கள் இங்கே மலையாகக் கிடக்கின்றன. இதெல்லாம் போக, மாதத்தில் ஒரு நாள் தலை பார்க்கும் நாள். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அவள் பேன்சீப்பும் கையுமாகச் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகப் பார்ப்பாள். அதை வைத்துத்தான் அந்தப் பெயர்.

பேன் பிடிப்பதற்கென்றே ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? இவள் சேர்ந்தாள். அதுவும் எல்லாத் தலையிலும் பிடிக்க அல்ல. ஒரே ஒரு தலையில்.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரி மூன்றாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண். நாளுக்கொரு நிறத்தில் ரிப்பன் கட்டி வருவதால் எல்லாரும் அவளை ரிப்பன் என்பார்கள். குழந்தை மேல் சீப்பு மிஸ்ஸுக்கு ஒரு கோபமும் கிடையாது. அவளுடைய அம்மா மேல்தான் அத்தனையும். அந்த அம்மா பெற்றோர் சங்கத்துக்குத் தலைமை. சங்கத்தம்மா என்றால் வாசல் காவல்காரர்கூட எழுந்து நிற்பார்.

கதை இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அப்போது சீப்பு மிஸ் வெறும் அம்மாதான். மகள் சிட்டு ஒன்றாம் வகுப்பு. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அவளுக்கு. காலையில் அதை வாரிப் பின்னுவதற்கே அரை மணி நேரம் பிடிக்கும். அம்மாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால், பார்க்காத மாதிரி நடந்துகொண்டே உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். சிட்டுவும் ரிப்பனும் அந்த நாளில் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தம்மா ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினாள். "இந்த வகுப்புல ஒரு குழந்தைக்குப் பேன்னு மொட்டையா செய்தி அனுப்பினா எப்படி? பெத்தவங்களுக்குத் தெரிஞ்சுக்கிற உரிமை இல்லையா? எந்த வரிசைன்னு போடுங்க. பக்கத்துல உக்கார்ற பிள்ளைங்களோட அம்மாங்க உஷாரா இருப்பாங்கல்ல?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தலைமையாசிரியையும் சரி என்றுவிட்டார். அன்றைக்குக் கை தட்டியவர்களில் சிட்டுவின் அம்மாவும் ஒருத்தி. அது இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் குறைவு. பையன்கள் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று வரிசைக்கு ஒரு பெண்ணைப் பையன்களுக்கு நடுவில் உட்கார வைப்பது அங்கே பழக்கம். வரிசையைச் சொன்னால் பெயரையே சொன்ன மாதிரி. கை தட்டியபோது இது ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை.

புது விதியில் முதலில் மாட்டியது சிட்டு. "ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வரிசையில் அமரும் ஒரு மாணவிக்குத் தலையில் பேன் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. பெற்றோர் கவனிக்கவும்." எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். வகுப்பு அம்மாக்கள் எல்லாரும் இருக்கிற போன் குழுவில் சங்கத்தம்மா ஒரு வரி எழுதினாள்: "வீட்டில் தண்ணீர் வரவில்லையா, பாவம்? ஷாம்பு வேண்டுமானால் சங்கத்திலிருந்து வாங்கித் தருகிறோம்." பின்னால் சிரிக்கிற பொம்மை மூஞ்சி ஒன்று. மறுநாள் சொன்னதைச் செய்தும் விட்டாள். பளபளப்பான காகிதம் சுற்றிய ஷாம்புப் பாட்டில் ஒன்றை மகள் கையில் கொடுத்தனுப்பினாள். வகுப்பு நடுவில் ரிப்பன் எழுந்து வந்து, "எங்கம்மா உனக்குக் குடுக்கச் சொன்னாங்க" என்று நீட்டியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். சிட்டு வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னாளாம். அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. தேங்க்ஸ் சொன்னாளாம்!

அன்று சாயங்காலம் அவள் சிட்டுவைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, மீன் நறுக்குகிற கத்தரிக்கோலை எடுத்து, அந்த முடியை ஒட்ட வெட்டினாள். மருந்து போட்டு வாரினால் போகிற பேன்தான். வீட்டுக்காரர் கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தார். "இனிமே ஒருத்தியும் என் பொண்ணு தலையைப் பத்திப் பேசக் கூடாது" என்று கத்திக்கொண்டே வெட்டினாள். சிட்டு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

அன்றிலிருந்து அவள் அம்மாவைத் தன் தலையைத் தொட விட்டதில்லை. முடி வளர வளரத் தானே வாரிக்கொள்வாள், தானே கோணல்மாணலாகப் பின்னிக்கொள்வாள். அம்மா சீப்பை எடுத்தால் போதும், சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். வெட்டியது என் கை, வெட்ட வைத்தது அவள் என்று அம்மா தனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தீர்ப்பு எழுதுவது சுலபம். அந்தக் கோணல் சடையைத் தினமும் காலையில் பார்ப்பதுதான் பெரும் பாடு.

ஷாம்புப் பாட்டிலை அவள் பிரிக்கவே இல்லை. குளியலறை அலமாரியில் காகிதம் சுற்றியபடியே வைத்திருந்தாள், கண்ணில் படட்டும் என்று. "பேன் செத்து ரெண்டு வருஷம் ஆகுது. நீ இன்னும் அதைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு அலையுறே" என்பார் வீட்டுக்காரர். "உங்களுக்கென்ன, வழுக்கை" என்பாள் இவள். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் வாயில் ஒரே பல்லவிதான். "அவ பொண்ணு தலையிலயும் ஒரு நாள் ஏறும் பாருங்க. அன்னிக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும்." சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். குழந்தைக்கு என்ன தெரியும் என்று இவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள்.

சுகாதார அறைக்கு ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். பயிற்சிக்கும் போய் வந்தாள். அங்கே சொல்லிக் கொடுத்ததைச் சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே படித்தாள். பேன் பறக்காது, குதிக்காது. அழுக்குத் தலை, சுத்தத் தலை என்று பார்க்காது. தலையும் தலையும் ஒட்டினால் ஏறும், தொப்பியிலும் சீப்பிலும் வரும். குழந்தைக்கு இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் தலையையும் பார்க்க வேண்டும். இதில் கடைசி வரியை மட்டும் அவள் ஆசை ஆசையாக மனப்பாடம் செய்தாள்.

தலை பார்க்கும் நாளில் மற்ற பிள்ளைகளை மளமளவென்று பார்த்து அனுப்புகிறவள், ரிப்பன் வந்தால் மட்டும் நிதானமாவாள். ரிப்பனை அவிழ்ப்பாள். காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில் என்று வகிடு வகிடாகத் தேடுவாள். ஒன்றும் இருக்காது. சே, இவ்வளவு சுத்தமாக ஒரு தலையா என்று எரிச்சலோடு ரிப்பனைத் திருப்பிக் கட்டி விடுவாள். அடுத்து சிட்டு வந்து நிற்பாள். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொந்த மகள் தலையில் பேன்சீப்பு வைப்பதா? "இவ தலை எனக்குத் தெரியாதா? அடுத்தது வா" என்று தள்ளி விடுவாள். சிட்டுவும் விட்டால் போதும் என்று ஓடிவிடுவாள். ஊர்த் தலையெல்லாம் பார்த்த சீப்பு, வீட்டுத் தலை ஒன்றை மட்டும் தொட்டதில்லை.

சமீபத்தில் சிட்டுவும் ரிப்பனும் மறுபடி சேர்ந்துகொண்டு திரிவதை அவள் கவனித்தாள். விளையாட்டுப் பயிற்சி நேரத்தில் இரண்டு பேரும் மரத்தடியில் ஒரே புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "அவகூட உனக்கு என்னடி பேச்சு? வெக்கமா இல்லை?" என்று வீட்டில் கேட்டாள். சிட்டு, "சும்மாம்மா" என்றாள்.

அந்த மாதத் தலை பார்க்கும் நாள் வந்தது. மூன்றாம் வகுப்பு வந்தது. ரிப்பன் வந்து உட்கார்ந்தாள், மஞ்சள் ரிப்பன். வழக்கம்போல அவிழ்த்து, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். வெள்ளை வெள்ளையாக, முடியோடு ஒட்டிக்கொண்டு, ஈர். அவள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். இருந்தது. பிடரியில் சீப்பை வைத்து இழுத்து வெள்ளைக் காகிதத்தில் தட்டினாள். கொழுத்த பேன் ஒன்று காலை உதறிக்கொண்டு ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்திருக்காது.

"நீ இங்கேயே இரும்மா" என்று தேன் ஒழுகச் சொல்லி ரிப்பனை உள் கட்டிலில் உட்கார வைத்தாள். மற்ற பிள்ளைகளை ஏனோதானோவென்று பார்த்து முடித்தாள். சிட்டுவைப் பார்க்காமலே அனுப்பினாள். பிறகு போனை எடுத்தாள். பேன் கண்ட குழந்தையை வீட்டார் வந்து கூட்டிப் போக வேண்டும், செய்தி அன்றைக்கே எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும், அதுதான் விதி. ஆனால் சங்கத்தம்மாவுக்குப் போன் போடுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போட்டாள். "ஏங்க, குளியலறை அலமாரியில அந்தப் பாட்டில் இருக்குல்ல? பிரிக்காம அப்படியே எடுத்துட்டு வாங்க. ஆமா, இப்பவே." வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவர். வாசலில் வந்து பாட்டிலைக் கொடுத்தார். "வேண்டாம், விட்டுடு" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரிப்பன் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "மிஸ், என் முடியை வெட்டிடுவீங்களா? சிட்டுவுக்கு வெட்டின மாதிரி?" என்று கேட்டாள்.

சீப்பு மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரம்தான். "அதெல்லாம் உங்கம்மா இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சங்கத்தம்மா வாசனைத் திரவியம் முன்னால் வர, பின்னால் வந்தாள். மறுநாள் சங்க ஆண்டுக் கூட்டம். அதற்காக அலங்கார நிலையத்தில் முடியைச் சுருள் வைத்துக்கொண்டு நேரே வந்திருந்தாள். "என்னம்மா, அவசரம்னு போன் பண்ணினியாம்? இவளுக்குக் காய்ச்சலா?" என்றாள்.

"காய்ச்சல் இல்லை மேடம். பேன்."

சங்கத்தம்மா முகத்தில் ஈயாடவில்லை. "சான்ஸே இல்லை. எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது. சரியாப் பாத்தியா?"

சீப்பு மிஸ் வெள்ளைக் காகிதத்தை அவள் பக்கமாக நகர்த்தினாள். அந்தப் பேன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பார்த்துவிட்டுச் சங்கத்தம்மா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. "சரி. கூட்டிட்டுப் போறேன். மருந்து போட்டுடறேன். நமக்குள்ள இருக்கட்டும். செய்தி கிய்தி வேண்டாம், என்ன?"

"அது எப்படி மேடம்? பெத்தவங்களுக்குத் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்கே."

"போடு, வேண்டாங்கலை. வரிசையை மட்டும் எடுத்துடு சிஸ்டர்." அம்மா, சிஸ்டர் ஆகிவிட்டது.

"விதி மேடம். நீங்க போட்டதுதான்."

"நாளைக்குக் கூட்டம். அத்தனை பேர் முன்னாடியும் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உக்காருவேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளிப் போடுங்க. நீங்களும் ஒரு பொண்ணைப் பெத்தவங்கதானே அக்கா?"

அக்கா வரைக்கும் வந்துவிட்டது. சீப்பு மிஸ் அந்த வார்த்தையை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுச் சுவைத்தாள். பெத்தவள்தான். நீ பாட்டில் கொடுத்தனுப்பிய அன்றைக்கும் பெத்தவளாகத்தான் இருந்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும்.

"வீட்டுல இருக்கிறவங்க தலையும் பாக்கணும் மேடம். உக்காருங்க. முடியை அவுத்து விடுங்க."

"என் தலையா?"

"உங்க தலைதான்."

சங்கத்தம்மா உட்கார்ந்தாள். வேறு வழி இல்லை, அறைக் கதவு திறந்துதான் இருந்தது, சத்தம் போட்டால் வராந்தாவுக்கே கேட்கும். தலையைக் குனிந்தாள். எந்தத் தலையை நினைத்து இரண்டு வருஷம் தூக்கம் கெட்டதோ, அந்தத் தலை இப்போது சீப்பு மிஸ்ஸின் இரண்டு கைக்குள் இருந்தது. காலையில் வைத்த சுருளெல்லாம் கலைய அவள் அவசரமே இல்லாமல் வகிடு எடுத்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். பிடரியில் பார்த்தாள். சீப்பை இழுத்துக் காகிதத்தில் தட்டி, சங்கத்தம்மாவின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "உங்ககிட்டயும் இருக்கு மேடம். ரெண்டு."

சங்கத்தம்மா தேம்பி அழுதாள். கட்டிலில் இருந்து ரிப்பனும் கூடச் சேர்ந்துகொண்டாள். இன்னொருத்தியாக இருந்தால் மனசு இளகியிருக்கும். இவளுக்கும் லேசாக இளகத்தான் பார்த்தது. உடனே சமையலறைத் தரையில் கிடந்த முடியை நினைத்துக்கொண்டாள், இறுகிவிட்டது.

"இப்படி வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருங்க. செய்தியை நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே."

"என்னையா எழுதச் சொல்றீங்க?"

"நீங்க எழுதினா கௌரவமா இருக்கும். நான் எழுதினா, வீட்டுல தண்ணி வரலையான்னு கேட்டாலும் கேட்டுடுவேன்."

அப்போதுதான் சங்கத்தம்மாவுக்கு முழுசாகப் புரிந்தது. அண்ணாந்து பார்த்தாள், அந்தப் பார்வையில் அழுகை போய் வேறு என்னவோ இருந்தது. தட்ட ஆரம்பித்தாள். மூன்றாம் வகுப்பு. அங்கே வந்து விரல் நின்றது.

"எந்த வரிசைங்க மேடம்?" என்று சீப்பு மிஸ் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

"முதல் வரிசை" என்றாள் சங்கத்தம்மா. குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. தட்டி முடித்தாள். அனுப்பும் பொத்தானை மட்டும் சீப்பு மிஸ் தானே அழுத்தினாள், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லை. வராந்தாவில், ஆசிரியர் அறையில், வாசல் காவல்காரர் சட்டைப்பையில், சங்கத்தம்மாவின் கைப்பைக்குள், எல்லாப் போனும் ஒரே நேரத்தில் மணி அடித்தது.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவளிடம் அந்தப் பாட்டிலைக் கொடுத்தாள். காகிதத்தின் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். "சங்கத்துல குடுத்தது மேடம். நாங்க பிரிக்கவே இல்லை. இப்ப உங்களுக்கு உதவும்." சங்கத்தம்மா வாங்கிக்கொண்டாள். தேங்க்ஸ் சொல்லவில்லை. ஒரு குறைதான், பரவாயில்லை என்று சீப்பு மிஸ் விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பாடு அமிர்தமாக இறங்கியது. வராந்தாவில் இரண்டு டீச்சர்கள் போனைப் பார்த்துக் குசுகுசுவென்று சிரித்தது அவள் காதில் விழுந்தது. தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "முதல் வரிசைன்னா... அட, அவங்க வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சீப்புகளைக் கொதிநீரில் போட்டுக் கழுவினாள். வாய் பாட்டு முணுமுணுத்தது.

பள்ளி விட்டதும் சிட்டு வழக்கம்போலச் சுகாதார அறைக்கு வந்தாள். பையை இறக்கி வைத்தாள். தலையில் தொப்பி. கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அவங்கம்மா அழுதாங்களா?"

"யாரு?"

"ரிப்பனோட அம்மா. நல்லா அழுதாங்களா?"

"அழுதா, அழுதா. மூக்கு ஒழுக அழுதா" என்று அம்மா சிரித்தாள். "உனக்கு யாரு சொன்னா?"

சிட்டுவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இன்னிக்கு உனக்குச் சோறு இறங்குச்சாம்மா?"

சீப்பு மிஸ் கழுவிய சீப்பைக் கீழே வைத்தாள். "என்னடி கேக்குற?"

"நீதானே சொன்னே, அவ பொண்ணு தலையில ஏறினாத்தான் சோறு இறங்கும்னு. அதான் நான் ஏத்திட்டேன்." வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று சொல்கிற அதே குரல். "பஸ்ஸுல பக்கத்துல உக்கார்ற பாப்பாகிட்டயிருந்து எனக்கு வந்துச்சு. உன்கிட்டச் சொன்னா நீ வெட்டிடுவியோன்னு சொல்லலை. அப்புறம் விளையாட்டுப் பயிற்சிக்குத் தொப்பி கொண்டு வரச் சொல்லி நீ செய்தி அனுப்பினேல்ல? ரிப்பனோட தொப்பியை ஒளிச்சு வச்சுட்டு, என் தொப்பியைக் குடுத்தேன். தினமும் குடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே புக்குல தலையை வச்சுப் படிச்சோம். ரொம்ப நாள் ஏறவே இல்லைம்மா. நான் விடலை."

அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்தாள். மெதுவாகத் தொப்பியை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தலையைத் தொட்டாள். சிட்டு உடம்பை விறைத்துக்கொண்டாளே தவிர விலகவில்லை. இன்றைக்கு அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், ஒன்றும் செய்ய மாட்டாள் என்ற நம்பிக்கை. அம்மா சடையைத் தூக்கினாள். பிடரி முழுக்கச் சொறிந்து சொறிந்து புண். காதுக்குப் பின்னால் ரத்தம் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. எத்தனை நாள் இதைப் பொறுத்துக்கொண்டு, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள்! "ஐயோ, என் தங்கமே" என்று அம்மா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "நான் என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன்" என்று வாய் விட்டு அழுதாள்.

"ஏம்மா அழறே? ஜெயிச்சுட்டோம்ல?" என்றாள் சிட்டு.

கதவு திறந்தது. சங்கத்தம்மா நின்றுகொண்டிருந்தாள். சுருள் கலைந்த முடியை ஒரு துண்டால் மூடிக் கட்டியிருந்தாள். பின்னால் ரிப்பன், அழுது வீங்கிய முகத்தோடு. "இவ யாரோட தொப்பியைப் போட்டுக்கிட்டான்னு கேட்டேன். சொன்னா" என்றாள் சங்கத்தம்மா. பிறகு மடியில் கிடந்த சிட்டுவைப் பார்த்தாள், தூக்கிப் பிடித்திருந்த சடையைப் பார்த்தாள், அந்தப் புண்ணைப் பார்த்தாள். சீப்பு மிஸ்ஸுக்கு ஒரு கணம், இவள் மனசு இரங்கிவிடுவாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கமாக இருந்தது. காலையில் இதே இடத்தில் இதே மாதிரி அழுதவளுக்குத் தான் இரங்கினோமா?

சங்கத்தம்மா உள்ளே வந்தாள். பாட்டிலை, காகிதம் பிரிக்காமல் அப்படியே, மேசை மேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்த அதே நாற்காலி.

"செய்தி இன்னிக்கே போகணும், இல்லையா? நானே எழுதறேன்" என்றாள். தட்ட ஆரம்பித்தாள். மூன்றாம் வகுப்பு. விரல் நின்றது. திரும்பிப் பார்த்தாள். "எந்த வரிசை?"

சீப்பு மிஸ் வாயைத் திறந்தாள். காலையில் அத்தனை இனிப்பாக இருந்த கேள்வி இப்போது கசந்தது. "மேடம்..." என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது? உங்களைக் கெஞ்ச விட்டேன், நான் கெஞ்சுகிறேன் என்றா?

"நீங்க சொல்லுங்க" என்றாள் சங்கத்தம்மா.

"மூணாவது வரிசை ஆன்ட்டி" என்றாள் சிட்டு. டீச்சர் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற மாதிரி, மடியிலிருந்து தலையைத் தூக்கித் தெளிவாகச் சொன்னாள். சங்கத்தம்மா தட்டினாள். மணி அடித்தது. சீப்பு மிஸ்ஸின் போனிலும் அடித்தது, இந்த முறை அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகுதான் சிட்டு மேசையைக் கவனித்தாள். கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோல் அங்கே கிடந்தது. மெல்ல எழுந்து, சடையை முன்பக்கம் எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இப்ப வெட்டப் போறியாம்மா?"

"இல்லடி, இல்லவே இல்லை. சத்தியமா வெட்ட மாட்டேன்." அம்மா கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். சாவியை மகளிடம் நீட்டினாள். "இந்தா, நீயே வச்சுக்கோ. வாடா கண்ணு, மருந்து போட்டு மெதுவா வாரி விடறேன்."

சிட்டு அசையவில்லை. சாவியை வாங்க ஒரு கை வேண்டும். சடையிலிருந்து அவள் ஒரு கையையும் எடுக்கவில்லை.